44, 30, 17: ஒரே ஜெர்மனி, மூணு நம்பர்

(எபிசோடில் பேசியதை வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியும் திருத்தியும் கொடுத்திருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு மன்னிப்போட ஆரம்பிக்குது.

போன எபிசோட்ல 1930கள்ல வந்த பெரும் பொருளாதார மந்தம் பத்திப் பேசினோம், ஞாபகம் இருக்கா? நடுவுல நான் ஒரு பட்டியல் வாசிச்சேன். வேலையில்லாதவங்க ஜெர்மனியில 44 சதவீதம், அமெரிக்காவுல 25, பிரிட்டன்ல 22, பிரான்ஸ்ல 15, சோவியத் யூனியன்ல பூஜ்யம். வாசிச்சுட்டு, "பாருங்க, ஜெர்மனிதான் ரொம்ப மோசமா அடிவாங்கியிருக்கு, அமெரிக்கா அதுல பாதிதான்"னு ரொம்ப கான்ஃபிடெண்ட்டா ஒரு தீர்ப்பும் சொன்னேன்.

ரெண்டு நாள் கழிச்சு கோயம்புத்தூர்ல இருந்து ஒரு லிஸனர் மெயில் பண்ணியிருந்தாங்க. ரொம்ப மரியாதையா நாலு வரி. சாராம்சம் இதுதான்: "தம்பி, நீங்க சொன்ன ஒவ்வொரு நம்பரும் எங்கேயோ ஒரு புத்தகத்துல சரியாத்தான் இருக்கும். ஆனா அந்த அஞ்சையும் ஒரே பட்டியல்ல வெச்சதுதான் தப்பு."

மொதல்ல கொஞ்சம் கோவம் வந்துச்சு, ஒத்துக்கிறேன். அப்புறம் உட்கார்ந்து தோண்ட ஆரம்பிச்சேன். ரெண்டு வாரம் ஆச்சு. அவங்க சொன்னது சரி. நான் பண்ணினது டாலர், ரூபாய், யென் மூணையும் ஒரே காலம்ல போட்டு சார்ட் பண்ணின மாதிரி வேலை. ஆபிஸ்ல ஒரு ஜூனியர் அப்படிப் பண்ணியிருந்தா கோட் ரிவ்யூவுல நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

அதனால இன்னைக்கு அந்தப் பட்டியலை வரிவரியாப் பிரிக்கப் போறோம். எபிசோட் கடைசியில என் சொந்தக் கதை ஒண்ணும் வரும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு.

ஒரு ஜெர்மனி, மூணு ஜெர்மனி

1932ஆம் வருஷத்தை எடுத்துப்போம். ஜெர்மனியில வேலை கேட்டுப் பதிவு பண்ணினவங்க, வருஷ சராசரியா சுமார் 56 லட்சம் பேர். பிப்ரவரி மாசத்துல மட்டும் 61 லட்சத்தைத் தாண்டுச்சு. இந்த 56 லட்சத்தைப் பிடிச்சுக்கோங்க. இதை எதால வகுக்கிறோம்ங்கிறதுலதான் எல்லாமே இருக்கு.

மொதல் வழி. விவசாயி, கடைக்காரர், சொந்தத் தொழில் பண்றவர், எல்லாரையும் சேர்த்து மொத்த உழைப்பாளர் எண்ணிக்கையால வகுக்கலாம். அது சுமார் 3 கோடி 20 லட்சம். வகுத்தா 17 சதவீதத்தை ஒட்டி வருது. பொருளாதார வரலாற்று ஆய்வாளர் ஆங்கஸ் மேடிசன் தர்ற நம்பர் 17.2.

ரெண்டாவது வழி. சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவங்களை மட்டும் கணக்குல எடுத்துக்கலாம். சொந்த நிலத்துல உழுறவரை யாரும் வேலையை விட்டுத் தூக்க முடியாது, அதனால அவரைச் சேர்க்க வேண்டாம்னு ஒரு நியாயம். அப்படிப் பார்த்தா 30 சதவீதம்.

மூணாவது வழி. ஜெர்மன் தொழிற்சங்கங்கள் தங்களோட உறுப்பினர்கள்ல எத்தனை பேருக்கு வேலை போச்சுன்னு தனியா ஒரு கணக்கு வெச்சிருந்தாங்க. வேலை போன உறுப்பினருக்குச் சங்கமே கொஞ்சம் பணம் குடுக்கும், அதனால அந்தக் கணக்கு அவங்களுக்குத் தேவை. அதுல வர்றது கிட்டத்தட்ட 44 சதவீதம். சங்கத்துல அதிகம் இருந்தவங்க யாரு? கட்டுமானம், உலோகம், இயந்திரத் தொழிற்சாலை ஆட்கள். மந்தம் வந்தா மொதல்ல அடி விழுறதும் அங்கதான்.

44, 30, 17. மூணுமே அதே நாடு, அதே வருஷம். மூணுமே பொய் இல்ல.

நான் என்ன பண்ணினேன்னா, ஜெர்மனிக்கு 44ஐ எடுத்தேன். அது சங்கத் தொழிலாளிகள் கணக்கு. அமெரிக்காவுக்கு 25 எடுத்தேன். அது விவசாயிகளையும் சேர்த்து மொத்த உழைப்பாளர் கணக்கு.

சரி, ஒரே மாதிரி வகுத்துப் பார்ப்போம். வால்டர் கேலன்சன், ஆர்னால்ட் ஸெல்னர்னு ரெண்டு பேர் 1957ல பல நாட்டுக் கணக்குகளை, தொழில்துறை ஆட்களை மையமா வெச்சு ஒப்பிட்டாங்க. அந்த மாதிரிக் கணக்குல 1932க்கு ஜெர்மனி 43.8, அமெரிக்கா 36.3. ஜெர்மனிதான் மோசம், ஆனா நான் சொன்ன அளவுக்கு வித்தியாசம் இல்ல. இப்போ மொத்த உழைப்பாளர் கணக்குக்கு வாங்க. அதே 1932ல ஜெர்மனி 17.2, அமெரிக்கா 23.6. இப்போ அமெரிக்காதான் மோசம்! வரிசையே தலைகீழாயிடுச்சு.

அப்போ எந்த நாட்டுல நெலைமை ரொம்ப மோசம்ங்கிற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. தொழிற்சாலை ஊர்ல நின்னு கேட்டா ஒரு பதில், நாடு முழுக்கப் பார்த்துக் கேட்டா வேற பதில்.

பதிவு பண்ண ஒரு காரணம் வேணும்

இங்க இன்னொரு விஷயம் இருக்கு. நம்ம ஊர் உதாரணம் சொல்றேன். பிளஸ் டூ முடிச்சதும் ஸ்கூல்லயே எம்ப்ளாய்மெண்ட் ஆபிஸ் பதிவு பண்ணிக் குடுத்தாங்க. உங்கள்ல பல பேருக்கும் அப்படித்தான் நடந்திருக்கும். அப்புறம் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ரெனியூவல். எங்க அம்மா அதை மறக்காம பண்ண வெச்சாங்க. "கவர்மெண்ட் வேலைக்குக் கூப்பிட்டா என்னடா பண்ணுவ?" நான் சாஃப்ட்வேர் கம்பெனியில சம்பளம் வாங்கிட்டு இருந்தப்பவும் அந்த ரெஜிஸ்டர்ல நான் வேலைக்குக் காத்திருக்கிறவன்தான்.

அதாவது ஒரு ரெஜிஸ்டர், ரெஜிஸ்டர்ல பேர் குடுக்க யாருக்குக் காரணம் இருக்கோ அவங்களைத்தான் எண்ணும்.

1930கள்ல நாட்டுக்கு நாடு இந்தக் காரணம் மாறுச்சு. பிரிட்டன்ல 1911லயே வேலையின்மைக் காப்பீடு வந்துடுச்சு. 1920ல அதை ரொம்ப விரிவாக்கினாங்க. வேலை போச்சுன்னா லேபர் எக்ஸ்சேஞ்ச் போய்க் கையெழுத்துப் போடணும், அப்பதான் காசு. அதனால அந்தக் காலத்துல உலகத்துலயே நல்ல வேலையின்மைக் கணக்குகள்ல ஒண்ணு பிரிட்டனோடது. 1933 ஜனவரியில பதிவு கிட்டத்தட்ட 30 லட்சம்.

ஆனா அதுலயும் ஓட்டை. விவசாயக் கூலிக்கு 1936 வரைக்கும் அந்தக் காப்பீடு கிடையாது. வீட்டு வேலை செய்ற பெண்களுக்கும் கிடையாது. நான் சொன்ன 22 சதவீதம், காப்பீடு உள்ளவங்களுக்குள்ள மட்டும் எடுத்த விகிதம். எல்லாரையும் சேர்த்தா 1932க்கு 15 சொச்சம்தான்.

1931ல இன்னொண்ணு நடந்துச்சு. திருமணமான பெண்கள் காப்பீட்டுப் பணம் வாங்க ஒரு புதுச் சட்டம் கடும் நிபந்தனை போட்டுச்சு. வருஷக்கணக்கா மில்லுல வேலை பார்த்து, சம்பளத்துல காப்பீட்டுக்குப் பணம் கட்டின பெண்கள். கல்யாணத்துக்கு அப்புறமும் இவ்வளவு நாள் வேலை பார்த்திருக்கணும், இனிமே வேலை கிடைக்க வாய்ப்பு இருக்குன்னு காட்டணும்னு கேட்டாங்க. ஊர்ல மில்லே மூடிக் கிடக்கு, எப்படிக் காட்டுறது? ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களோட கோரிக்கை தள்ளுபடி ஆச்சு. காசு கிடைக்காதுன்னா க்யூவுல போய் நிக்க என்ன காரணம் இருக்கு? அவங்கள்ல பல பேர் ரெஜிஸ்டரை விட்டே போயிட்டாங்க. வேலை ஒண்ணும் வரல, பேர் மட்டும் போயிடுச்சு.

அதே வருஷம் "மீன்ஸ் டெஸ்ட்"னு ஒண்ணும் வந்துச்சு. காப்பீட்டுக் காலம் முடிஞ்சு உதவித்தொகை வாங்கறவர் வீட்டுக்கு அதிகாரி வந்து பார்ப்பார். வீட்டுல யார் சம்பாதிக்கிறாங்க, பையன் எவ்வளவு கொண்டு வரான், என்ன சேமிப்பு இருக்கு, எல்லாம் விசாரிச்சு அதுக்கேத்த மாதிரி தொகையைக் குறைப்பாங்க. பையன் சம்பாதிக்கிறான்னு அப்பாவோட காசை வெட்டுவாங்க. அந்த அவமானம் பிரிட்டிஷ் அரசியல்ல ரொம்ப வருஷம் பேசப்பட்டுச்சு.

எண்ணாத நாடு

இப்போ அமெரிக்கா. இது எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. 1930 ஏப்ரல்ல நடந்த சென்சஸ்ல வேலையில்லாதவங்களைப் பத்திக் கேட்டாங்க. அதுக்கப்புறம் மந்தத்தோட மிக மோசமான வருஷங்கள்ல, நாடு முழுக்க மாசாமாசம் வேலையில்லாதவங்களை எண்ற ஏற்பாடே அமெரிக்காவுல இல்ல. தேசிய அளவுல வேலையின்மைக் காப்பீடு சட்டமானதே 1935லதான். அப்போ பதிவேடும் கிடையாது.

அந்த இருட்டுல யார் வேணும்னாலும் எது வேணும்னாலும் சொல்லலாம். 1930 ஜனவரியில அதிபர் ஹூவர், வேலைவாய்ப்பு கூடிட்டு வருதுன்னு அறிவிச்சார். நியூயார்க் மாநிலத்தோட தொழில் ஆணையரா இருந்த ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, தரவு அப்படிச் சொல்லலைன்னு பகிரங்கமா மறுத்துப் பேசினாங்க. ஒரு மாநில அதிகாரி, அதுவும் அந்தக் காலத்துல ஒரு பெண், அதிபர் சொன்ன நம்பர் தப்புன்னு சொல்றாங்க. மூணு வருஷம் கழிச்சு அதே பெர்கின்ஸ் ரூஸ்வெல்ட்டோட தொழிலாளர் துறைச் செயலர். அமெரிக்க அமைச்சரவையில இடம்பெற்ற மொதல் பெண்.

அப்போ 1933க்கு எல்லாரும் சொல்ற 24.9 சதவீதம் எங்கிருந்து வந்துச்சு? பின்னாடி கணக்குப் போட்டது. மொத்த உழைப்பாளர் இவ்வளவு இருந்திருக்கணும், வேலையில இருந்தவங்க இவ்வளவு, மைனஸ் பண்ணினா மீதி வேலையில்லாதவங்க. நாம இன்னைக்கு எடுக்கிற இந்த வரிசை, ஸ்டான்லி லெபர்காட்ங்கிற பொருளாதார நிபுணர் 1964ல போட்டது. ரொம்பக் கவனமான வேலை. ஆனா அதுல ஒரு முடிவு ஒளிஞ்சிருக்கு. ரூஸ்வெல்ட் அரசு ரோடு போட, பள்ளிக்கூடம் கட்ட, மரம் நடன்னு லட்சக்கணக்கான பேருக்கு நிவாரண வேலை குடுத்துச்சே, அவங்களை எதுல சேர்க்கிறது? அந்தக் கணக்கு அவங்களை வேலையில்லாதவங்கள்லதான் சேர்த்துச்சு. காரணம், அது வழக்கமான வேலை இல்ல, தற்காலிக நிவாரணம்.

1976ல மைக்கேல் டார்பின்னு ஒருத்தர் ஒரு கட்டுரை எழுதினார். 35 லட்சம் தொழிலாளிகள் கணக்குல தொலைஞ்சு போயிட்டாங்கன்னு அர்த்தம் வர்ற தலைப்பு. காலையில எழுந்து மண்வெட்டி எடுத்துட்டுப் போய், சாயங்காலம் கூலி வாங்கறவன் எப்படி வேலையில்லாதவன் ஆவான்னு கேட்டார். அவர் போட்ட கணக்குல 1936ஆம் வருஷத்துக்கு 16.9 சதவீதம் இருந்தது 9.9 ஆயிடுச்சு. நாட்டுல ஒரு ஆளுக்குக் கூட புதுசா வேலை கிடைக்கல. கேள்வியை மாத்தினதுல ஏழு சதவீதம் இறங்கிடுச்சு.

அந்த ரீல்ஸ் விஷயம்

இது ஏன் வெறும் புள்ளிவிவரச் சண்டை இல்லைன்னு இப்போ சொல்றேன். உங்க ஃபீட்லயும் வந்திருக்கும். பின்னாடி அதிரடி மியூசிக், "ஹிட்லர் மூணே வருஷத்துல வேலையில்லாத் திண்டாட்டத்தை ஒழிச்சார், அமெரிக்காவால முடியல"ன்னு ஒரு ரீல். எங்க ஃபேமிலி குரூப்ல பெரியப்பா பையன் ஒருத்தன் போட்டான். கீழ நாலு தம்ஸ் அப்.

அந்த ஒப்பீட்டை எடுத்துப் பாருங்க. அமெரிக்கக் கணக்கு நிவாரண வேலை பார்த்தவரை வேலையில்லாதவர்னு எண்ணுச்சு. ஜெர்மனியில நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் நிவாரண வேலையில இருக்கிறவரை வேலையில்லாதவர் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. அதே மண்வெட்டி, அதே ரோடு. ஒரு பக்கம் பிளஸ், இன்னொரு பக்கம் மைனஸ்.

அது மட்டும் இல்ல. 1933 ஜூன்ல ஒரு திருமணக் கடன் திட்டம் வந்துச்சு. புதுசா கல்யாணம் பண்ற ஜோடிக்கு 1,000 மார்க் வரைக்கும் கடன். நிபந்தனை, பொண்ணு வேலையை விட்டுடணும். வேலையை விட்ட பொண்ணு வேலையில்லாதவர் இல்ல, இல்லத்தரசி. 1933 ஏப்ரல்ல யூத அரசு ஊழியர்களை வேலையை விட்டு நீக்கச் சட்டம். 1935ல கட்டாய ராணுவ சேவை, இளைஞர்களுக்கு ஆறு மாசக் கட்டாய உழைப்பு சேவை. 1933 மே 2ஆம் தேதியே தொழிற்சங்கங்களை ஒழிச்சாச்சு. அந்த 44 சதவீதக் கணக்கு வெச்சிருந்தவங்களே காலி.

நேர்மையா ஒண்ணு சொல்லணும். ஜெர்மனியில வேலை உண்மையாவே கூடுச்சு. 1936க்குள்ள பதிவு பண்ணின வேலையில்லாதவங்க எண்ணிக்கை பெருசா இறங்குச்சு, எல்லாமே கணக்கு வித்தை இல்ல. ஆனா அந்த வேலையில பெரும் பங்கு எதுக்கு? ஆயுதம் செய்ய, போருக்குத் தயாராக. அந்த வேலை எங்க கொண்டுபோய் விட்டுச்சுன்னு நமக்குத் தெரியும். பெரியப்பா பையனுக்கு இதையெல்லாம் டைப் பண்ணி அனுப்பினேன். "ஓகே ப்ரோ"ன்னு ரிப்ளை. சரி, நாலு தம்ஸ் அப்புக்கு எதிரா ஒரு ஓகே ப்ரோ.

பூஜ்யம்னா என்ன?

சோவியத் யூனியன். 1930ல அரசு, வேலையின்மை ஒழிஞ்சாச்சுன்னு அறிவிச்சுது. அதே வருஷம் வேலையின்மை உதவித்தொகையையும் நிறுத்தினாங்க. உதவித்தொகை இல்ல, அப்புறம் யார் பதிவு பண்ணப் போறாங்க? தொழிற்சாலைகளும் அணைகளும் வேகமாக் கட்டினாங்க, ஆள் தேவையும் நிஜமாவே கூடுச்சு, அது உண்மை. ஆனா அதே காலத்துல, 1932-33ல, உக்ரைன்லயும் கசகஸ்தான்லயும் பல லட்சம் பேர் பஞ்சத்துல செத்தாங்க. பட்டினியில கிராமத்தை விட்டு நகரத்துக்கு வரப் பார்த்த விவசாயியைத் தடுக்க உள்நாட்டு பாஸ்போர்ட் கொண்டு வந்தாங்க. அவர் எந்த வேலையின்மைக் கணக்குலயும் இல்ல.

கோட் எழுதறவங்களுக்கு இது உடனே புரியும். பூஜ்யம் வேற, நல் வேற. பூஜ்யம்னா எண்ணிப் பார்த்தோம், யாரும் இல்ல. நல்னா எண்ணவே இல்ல. நான் நல்லைப் பூஜ்யம்னு வாசிச்சுட்டேன்.

பிரான்ஸ் இதுக்கு நடுவுல. அங்க உதவித்தொகை உள்ளூர் நிர்வாகங்களோட நிதியில இருந்து, எல்லா ஊர்லயும் கிடையாது. 1931 மார்ச்ல சென்சஸ் எடுத்தப்போ சுமார் நாலரை லட்சம் பேர் வேலையில்லைன்னு சொன்னாங்க. அதே நேரம் உதவித்தொகை வாங்கிட்டு இருந்தவங்க சுமார் 50,000. ஒன்பது மடங்கு வித்தியாசம்! உதவி வாங்கறவங்களை மட்டும் பார்த்தா பிரான்ஸ்ல மந்தமே வரலைன்னு தோணும்.

டிக்கெட் எடுத்து அனுப்பிட்டா?

வேலையின்மையைக் குறைக்க இன்னொரு குறுக்குவழி இருக்கு. வேலை போனவரையே நாட்டை விட்டு அனுப்பிடறது. பிரான்ஸ் சுரங்கங்கள்ல வேலை பார்த்த போலந்துக்காரங்களை ரயில் ஏத்தி ஊருக்கு அனுப்புச்சு. அமெரிக்காவுல இருந்து லட்சக்கணக்கான மெக்சிகோ வம்சாவளி மக்கள் கிளம்பிப் போனாங்க, துரத்தவும் பட்டாங்க. அவங்கள்ல பல பேர் அமெரிக்காவுலயே பிறந்த குடிமக்கள்.

இதுல நம்ம ஆளுங்களும் இருக்காங்க. மலாயாவுல ரப்பர் விலை விழுந்ததும் தோட்டங்கள்ல ஆட்குறைப்பு. 1930ல இந்தியாவுல இருந்து உதவியோட ஆள் கொண்டு வர்றதை நிறுத்தினாங்க. ஏற்கெனவே அங்க இருந்தவங்கள்ல லட்சக்கணக்கானவங்க அடுத்த சில வருஷங்கள்ல கப்பலேறித் திரும்பினாங்க. பெரும்பாலும் தமிழர்கள். பினாங்குல ஏறி நாகப்பட்டினத்துலயும் சென்னையிலயும் வந்து இறங்கினாங்க. வந்து இறங்கின ஊர்ல என்ன இருந்துச்சு? நெல் விலை சரிஞ்சு கடன்ல தத்தளிக்கிற கிராமம். அண்ணன் வயல்ல நாலு பேர் செய்ற வேலையை இப்போ ஆறு பேர் செய்வாங்க.

அவர் மலாயாவோட வேலையின்மைக் கணக்குல கிடையாது, அவர்தான் கிளம்பிட்டாரே. சென்னை மாகாணத்தோட கணக்குலயும் கிடையாது, அப்படி ஒரு கணக்கே இல்ல. 1931 சென்சஸ்ல இங்க படிச்ச வேலையில்லாதவங்களை மட்டும் தனியா எண்ணப் பார்த்தாங்க, அதுவும் சரியா வரல. ரெண்டு நாட்டுக்கும் நடுவுல, கடல்ல தொலைஞ்சு போன நம்பர் அவர்.

அப்போ ஒப்பிடவே கூடாதா?

ஒப்பிடலாம். கவனமா ஒப்பிடணும். ரெண்டு வாரம் படிச்சதுல நான் எனக்குன்னு நாலு கேள்வி எழுதி வெச்சிருக்கேன். யாரை எண்ணினாங்க? எதால வகுத்தாங்க? பேர் குடுக்க அவங்களுக்கு என்ன காரணம்? பேர் குடுக்காதவங்க எங்க போனாங்க?

இன்னொண்ணு, ஒரு வருஷத்து அளவை மட்டும் பார்க்காம, எவ்வளவு மாறுச்சுன்னும் பாருங்க. ஒரு நாட்டோட கணக்கு முறை மாறாம இருந்தா, அந்த முறையோட குறை ரெண்டு வருஷத்துலயும் ஒரே மாதிரி இருக்கும். பிரிட்டன்ல 1920கள் முழுக்கவே 10 சதவீதத்தை ஒட்டி வேலையின்மை இருந்துச்சு. அங்க 10ல இருந்து 22. அமெரிக்காவுல 1929ல 3 சொச்சம், 1933ல 25. அங்க ஒரு பள்ளம் அப்படியே வாயைத் திறந்துடுச்சு. தொழில் உற்பத்தியும் அதையே சொல்லுது. அமெரிக்காவுலயும் ஜெர்மனியிலயும் உற்பத்தி 40 சதவீதமோ அதுக்கு மேலயோ விழுந்துச்சு, பிரிட்டன்ல அதுல பாதி கூட விழல.

ஆனா பிரிட்டனுக்குள்ளயே ஜாரோன்னு ஒரு ஊர். கப்பல் கட்டற தளம் மூடினதும் பத்துல ஏழு பேருக்கு வேலை இல்ல. 1936ல 200 பேர் அங்கிருந்து லண்டனுக்கு நடந்தே போனாங்க. அவங்ககிட்ட நாட்டுச் சராசரியைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

இன்னைக்கு நிலைமை எவ்வளவோ மேல். 1954ல சர்வதேச தொழிலாளர் புள்ளியியல் மாநாடு ஒரு பொது வரையறை குடுத்துச்சு, அப்புறம் திருத்தவும் செஞ்சாங்க. வேலை இல்ல, வேலை செய்யத் தயார், வேலை தேடறார். இந்த மூணும் இருந்தாதான் வேலையில்லாதவர். வீடு வீடாப் போய் சர்வே எடுக்கறாங்க. ஆனா இதுலயும் ஒரு கோடு போட்டுத்தான் ஆகணும். நம்ம நாட்டு வாராந்திரக் கணக்குல, கடந்த ஏழு நாள்ல ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தா நீங்க வேலையில இருக்கிறவர்.

என் கதை

2023ல எனக்கு வேலை போச்சு. இதை இந்த பாட்காஸ்ட்ல இதுவரைக்கும் சொன்னதில்ல. ஒரு வியாழக்கிழமை, பதினஞ்சு நிமிஷ மீட்டிங். வேலையை விட்டுத் தூக்கறோம்னு யாரும் சொல்லல. "நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரெக்கார்டு க்ளீனா இருக்கும்"னாங்க. கையெழுத்துப் போட்டேன். அதனால அந்த வருஷம் வந்த லே-ஆஃப் லிஸ்ட் எதுலயும் நான் இருக்க மாட்டேன். ரெக்கார்டுபடி நானா விட்டேன்.

அஞ்சு மாசம். அப்பா பக்கத்து வீட்டுல "வொர்க் ஃப்ரம் ஹோம்"னு சொல்லிட்டு இருந்தார். ஈரோட்டுல ஃப்ரெண்டோட துணிக்கடைக்கு வெப்சைட் பண்ணிக் குடுத்தேன், வாரத்துக்கு மூணு நாலு மணி நேரம். அப்போ சர்வேக்காரர் கதவைத் தட்டியிருந்தா, நான் வேலையில இருக்கிறவன். எம்ப்ளாய்மெண்ட் ஆபிஸ் ரெஜிஸ்டரைப் பார்த்தா, சம்பளம் வாங்கின காலத்துலயும் வேலை இல்லாதவன். நெஜமா வேலை இல்லாத அந்த அஞ்சு மாசம் மட்டும் நான் யார் கணக்குலயும் சரியா இல்ல.

இந்த எபிசோடுக்குப் படிக்கிறப்போ ஆஸ்திரியாவுல மாரியென்டால்னு ஒரு கிராமம் கண்ணுல பட்டுச்சு. ஊருக்கே சோறு போட்ட நூல் ஆலை மூடிடுச்சு. மேரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல்னு மூணு பேர் தங்களோட குழுவோட போய் ஆய்வு பண்ணி 1933ல வெளியிட்டாங்க. அவங்க சதவீதத்தோட நிறுத்தல. மெயின் ரோட்டுல ஆட்கள் எவ்வளவு வேகமா நடக்கறாங்க, எத்தனை தடவை நின்னு நின்னு போறாங்கன்னு அளந்தாங்க. ஆண்களோட நடை மெதுவாயிடுச்சு, பாதி வழியில சும்மா நிப்பாங்க. பல பேர் கைக்கடிகாரம் கட்டறதையே விட்டுட்டாங்க. நேரம் அவ்வளவு இருந்தும் லைப்ரரியில புத்தகம் எடுக்கறது குறைஞ்சு போச்சு.

அதைப் படிச்சுட்டு லேப்டாப்பை மூடி வெச்சுட்டேன். அந்த அஞ்சு மாசத்துல எங்க தெருமுனை டீக்கடைக்குப் போற தூரம் எனக்கு இருபது நிமிஷம் ஆகும். இப்போ நாலு நிமிஷம். நான் ஏன் அவ்வளவு மெதுவா நடந்தேன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. சும்மா இருந்த நேரத்துல ஒரு புத்தகம் கூட முடிக்கலையேன்னு என்னை நானே திட்டிட்டு இருந்தேன். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி, என்னை மாதிரியே ஒரு ஊரே இருந்திருக்கு.

இதைக் கேட்டுட்டு இருக்கிற உங்கள்ல யாராவது இப்போ அந்த மெதுவான நடையில இருக்கலாம். ரெக்கார்டுல "ரிசைன்ட்"னு இருக்கலாம், வீட்டுல "வொர்க் ஃப்ரம் ஹோம்"னு இருக்கலாம். எனக்கு மெயில் பண்ணுங்க. என்னால வேலை வாங்கித் தர முடியாது. ரெஸ்யூமே பார்த்துத் தர முடியும், மாக் இண்டர்வ்யூ எடுக்க முடியும், சும்மா பேசவும் முடியும்.

கோயம்புத்தூர் மேடம், ரொம்ப நன்றி. போன எபிசோட் பக்கத்துல இருந்த பட்டியலைத் திருத்தியாச்சு. ஒவ்வொரு நம்பருக்குப் பக்கத்துலயும் யாரை எண்ணினது, எதால வகுத்ததுன்னு போட்டிருக்கேன். சோவியத் வரியில பூஜ்யத்தை எடுத்துட்டு "எண்ணவில்லை"ன்னு எழுதியிருக்கேன்.